இடுப்பளவுத் தண்ணீரில் அன்னப்பழம்

"அப்படியே நில்லுங்க தம்பி, அசையாதிய, பாட்டு முடிஞ்சிரட்டும், இங்க இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருக்காவ" என்றது கரையிலிருந்த ஒலிப்பெட்டி, மூக்கடைத்த குரலில், ஒவ்வொரு 'தம்பி'யையும் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்து, மிஷன் சங்கச் செயலாளர் தர்மசீலன் ஐயாவே அந்தச் சின்னப் பெட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல. டட்லி இன்பராஜ் அசையாமல் நின்றான், கம்போடியாவின் பெரிய ஏரியில், இடுப்பளவுத் தண்ணீரில், உச்சி வெயிலில், வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, கையில் ஒரு பெண்ணின் மணிக்கட்டையும் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தையையும் பிடித்துக்கொண்டு. நில்லுங்க தம்பி. நிற்கிறேன் ஐயா, நிற்காமல் நீந்தியா கர்மேல்விளைக்கு வந்துவிடப் போகிறேன். கால்விரல்களுக்கு நடுவே சகதி பிதுங்கியது, ஆகாயத்தாமரைக் கொத்தொன்று வந்து முட்டிவிட்டு, இவனும் ஒரு கம்புதான் என்று தீர்மானித்து விலகிப் போனது. கரையில் வுத்தி அண்ணன் கைப்பேசியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தார். டுக்டுக் ஓட்டுகிற மனிதர், ஞாயிறுகளில் சபையின் மூப்பர், கை வலித்தால் முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டுவார், இப்போது காட்டினார். அந்தக் கைப்பேசிக்கு அப்பால் கடல்கள் தாண்டி, தூத்துக்குடிச் சீமையில், கர்மேல்விளை கோயிலில் மிஷனெரி ஞாயிறு ஆராதனை. பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத்திரை கட்டி, அதில் டட்லியும் அவன் பிடித்திருக்கும் பெண்ணும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்களாம், ஜனங்கள் பார்த்துக்கொண்டே பாடுகிறார்களாம். தெளித்தாலே போதுமே ஐயா, நம் சபை வழக்கம் அதுதானே என்று வெள்ளிக்கிழமை கேட்டதற்கு, "நம்மளுக்கு நெத்தியில மூணு சொட்டு போதும் தம்பி, ஆனா ஸ்க்ரீன்ல பாக்கதுக்கு முக்குனாத்தான் எடுப்பா இருக்கும்" என்று சொன்ன வாய்தான் இந்த வாய். எடுப்பாக நிற்கிறோம் ஐயா. எடுப்பாக வேகிறோம். "அவர்களுடைய பாட்டு ரொம்ப நீளமா?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள், குறும்பாகத்தான், கழுத்திலிருந்த கட்டம்போட்ட துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டே. கொலாப். சந்தையில் மீன்குழம்பு ஊற்றின அரிசிச் சேமியா விற்கிறவள், அறுபதை நெருங்குகிறாள், பெயருக்கு ரோஜா என்று பொருள். அம்மாவைவிட மூத்த பெண்ணை இந்த ஊரில் 'ஓம்' என்று கூப்பிட வேண்டும், ஓம் கொலாப், அதுதான் மரியாதை, அதற்கும் ஒருநாள் பெட்டியிலிருந்து வந்தது, "ஊழியத்துல அந்தச் சொல்லை வச்சிக்கிடாதிய தம்பி, ஆட்கள் வேற மாதிரி நெனப்பாவ, சிஸ்டர்னு சொல்லுங்களேன்." சிஸ்டராம். என் அம்மாவுக்கே அக்கா மாதிரி இருக்கிறவள் எனக்கு சிஸ்டராம். நீளமான பாட்டுதான் ஓம் என்றான். "அப்படியென்றால் கடவுளுக்கும் கால் வலிக்கும்" என்றாள் அவள்.

சிரித்திருப்பான், வேறொரு நாளாக இருந்தால். இன்றைக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து அங்கே கிடந்த பெயரில் இடறி விழுந்தது. அன்னப்பழம். பாட்டு முடிந்ததும் அவன் சொல்ல வேண்டிய பெயர் அது, கொலாப் இல்லை, அன்னப்பழம், உன்னைப் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே, முக்கு, தூக்கு, அல்லேலூயா, கைதட்டல். சங்கத்தின் ஏற்பாடு அப்படி. ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் இறந்துபோனவர் ஞாபகமாக ஒரு மிஷனெரியை மாதாமாதம் பணம் கொடுத்துத் தாங்கினால், அந்த மிஷனெரி கொடுக்கிற அடுத்த ஞானஸ்நானத்துக்கு அந்த இறந்தவரின் பெயர். எந்தப் புண்ணியவான் எந்தக் கூட்டத்தில் காப்பி குடித்துக்கொண்டே யோசித்தானோ. பெயர்களெல்லாம் கைப்பேசியில் குரல்களாக வந்து சேரும், டட்லிக்கு ஒவ்வொரு குரலும் மனப்பாடம், வேண்டாம் என்றாலும் உள்ளே ஓடும், இதோ ஓடுகிறது பியூலா டீச்சர், பெரிய வகுப்புக்குக் கேட்கும்படி பேசிப் பேசி இறுகிப்போன குரல்: "ப்ரைஸ் தி லார்ட் தம்பி, பியூலா டீச்சர் பேசுதேன், எங்கம்மா அன்னப்பழம், நீங்க பாத்திருப்பிய, தூணோரத்து பெஞ்சுல உக்காருவாவ, வெள்ளைச்சேலை. அவிய பேரு இந்தப் பூமியில இருக்கணும் தம்பி. நான் ஒத்தப் பிள்ளை, எனக்கும் பிள்ளை இல்ல, பாத்துக்கிடுங்க", நடுவே குக்கர் விசில், "ஏட்டி அந்த அடுப்பை அணைட்டி, பேசிக்கிட்டுல்லா இருக்கேன்", பிறகு ஒரு மூச்சு, அந்த மூச்சில் மட்டும் டீச்சர் இல்லை, யாரோ ஒரு சின்னப்பிள்ளை இருந்தது. அந்த ஒரு மூச்சுதான் டட்லிக்குப் பிடிக்கவில்லை. அது இல்லாவிட்டால் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம். இதற்கு முன்னால் கொடுத்ததெல்லாம் இப்படித் தொண்டையில் நிற்கவில்லையே. மீன்பிடிக்கிற ஒருவனை ஞானபிரகாசம் ஆக்கினான், அவன் தங்கச்சியைத் தங்கக்கனி ஆக்கினான், வுத்தி அண்ணனை ஆசீர்வாதம் ஆக்கினான். வுத்தி அண்ணனுக்கு இன்றுவரை அந்தப் பெயர் வாயில் நுழையாது, ஆஸ்ரவாத், ஆஷிவா என்று நாளுக்கொன்றாகச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "இலவசமாகக் கொடுத்தார்கள் லோக்-க்ரூ, கல்யாணத்தில் கொடுக்கிற தட்டு மாதிரி, வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன், உடையவா போகிறது." லோக்-க்ரூ என்றால் வாத்தியார் ஐயா, இந்த ஊரில் டட்லியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவனும் ஏதோ சொல்லிக்கொடுக்கிறவன் என்று நம்பி. அவனும் அன்றைக்குச் சிரித்தான். தட்டுதானே, போகட்டும் என்று நினைத்தான். நினைத்தாய் இல்லையா, நினை, இப்போது நன்றாக நில்.

பாட்டு ஒரு அடி முடிந்து அடுத்த அடிக்கு மூச்சு வாங்கியது, ஆர்மோனியம் தனியாகக் கொஞ்சம் முனகியது. யார் வாசிப்பது, இம்மானுவேல் சாராகத்தான் இருக்கும், கட்டையை அழுத்தும்போதெல்லாம் புருவத்தையும் சேர்த்து அழுத்துவார், டட்லி அவரைப்போல் செய்து காட்டினால் ஞாயிறுபள்ளியில் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் உருளுவார்கள். யாரைத்தான் செய்யவில்லை. கோயில்பிள்ளை மணியடித்துவிட்டு இடுப்பைப் பிடிப்பது, குருவானவர் அறிவிப்பு வாசிக்கும்போது 'ஆகவே'க்கு 'ஆகவ்வே' என்பது, தர்மசீலன் ஐயா காணிக்கைப் பைக்கு முன்னால் தொண்டையைச் செருமுவது. அப்பா பெல்ட்டைக் கழற்றினால் அப்பா குரலிலேயே "வேண்டாம்ல, நான் சொல்லதக் கேளு" என்பான், அப்பாவுக்குச் சிரிப்பு வந்து பெல்ட் கீழே விழும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் வாலிபர் முகாம். பிரசங்கியார் ஒருவர் இரவெல்லாம் கரகரத்த குரலில் அழுது ஜெபித்தார், மறுநாள் மத்தியானம் படுக்கும் கூடத்தில் பையன்கள் சுற்றி நிற்க டட்லி அவரைச் செய்து காட்டினான், முட்டிபோட்டு, கையை விரித்து, ஆண்டவரே, ஆண்ட, வரே, என்று உடைத்து உடைத்து, பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அப்போது என்னவோ நடந்தது, அழுகை நிஜமாக வந்தது, நிறுத்த முடியவில்லை, மூக்கு ஒழுகியது, சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது, நிமிர்ந்தால் வாசலில் அதே பிரசங்கியார். "இவனை ஆண்டவர் தொட்டிருக்கார்" என்றார். அவ்வளவுதான். வேதாகமக் கல்லூரி, ஊழியத்துக்குப் பிரதிஷ்டை, பாஸ்போர்ட், ஏரி. தொட்டாரா? தொட்டது யார்? விடிகாலையில் கொசுவலைக்குள் முட்டிபோட்டு வாயைத் திறந்தால் முதலில் அந்தக் கரகரத்த குரல் வருகிறது, அதை ஒதுக்கினால் குருவானவர் வருகிறார், ஆகவ்வே ஆண்டவரே என்கிறார், அவரையும் ஒதுக்கினால் தர்மசீலன் ஐயா செருமுகிறார், எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் உள்ளே ஒன்றுமில்லை, பல்லி சத்தம் போடுகிறது, பக்கத்துவீட்டில் கஞ்சி கொதிக்கிற வாசனையும் கருவாட்டு வாசனையும் வருகிறது, அந்த ஒன்றுமில்லாத இடத்தில் சில நாள் யாரோ இருக்கிறார். நிச்சயமாக இருக்கிறார். பேசுவதில்லை. பேசினால் எந்தக் குரலில் பேசுவார் என்று டட்லிக்குத் தெரியாது, அவருடைய குரலை மட்டும்தான் இதுவரை அவனால் செய்து காட்ட முடியவில்லை, அதனால்தான் அவர் இருக்கிறார் என்று நம்புகிறான். அவரை நம்பித்தான் இந்தச் சகதி. அவர் பெயரால்தான் இந்த அன்னப்பழம். என்ன ஆண்டவரே, வாயைத் திறக்கலாமே, இவளுடைய பெயர் உமக்குத் தெரியாதா, அதையும் கர்மேல்விளையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளப் போகிறீரா?

டட்லி. இந்தப் பெயர் மட்டும் எங்கே விளைந்தது. பள்ளிக்கூடத்தில் "டட்லி டட்லி, சட்னி எங்க இட்லி" என்று பின்னாலேயே வருவான்கள், அழுதுகொண்டு வந்தால் அப்பா மார்பை நிமிர்த்துவார், "லேய், அது சாதாரணப் பேரு இல்ல, சீமைப் பேரு." அப்பாவின் தாத்தாவுக்குத் தாத்தா, சின்னப் பையனாக மிஷன் விடுதியில் சேர்ந்தபோது அவன் சாப்பாட்டுக்குச் சீமையில் மிஸ் டட்லி என்றொரு அம்மாள் உதவி செய்தாளாம். அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, கருப்பா சிவப்பா அவன் என்று பார்த்ததும் இல்லை, ஆனாலும் தண்ணீர் தெளித்தபோது அவன் டட்லி. அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு டட்லி, டட்லி பொன்னையா, டட்லி ஞானமுத்து, டட்லி இன்பராஜ். அதுக்கு முன்னாடி அவருக்கு என்ன பேருப்பா என்று கேட்டான் ஒருதரம். அப்பா செய்தித்தாளைக்கூட மடக்கவில்லை. "ஏதாவது சுடலை மாடன்னு இருந்திருக்கும், அது எதுக்கு இப்போ உனக்கு?" ஏதாவது. அந்தப் பையனை அவன் அம்மா வாசலில் நின்று எத்தனை சாயங்காலம் கூப்பிட்டிருப்பாள், ஏதாவது ஏதாவது என்றா கூப்பிட்டிருப்பாள். பெயரிருந்தது, பத்திரமாக இருந்தது, ஒருவனுடைய ஒரு கை தண்ணீரில் போயிற்று. இன்றைக்கு அந்தக் கை என்னுடையது. அடடா, எப்பேர்ப்பட்ட முன்னேற்றம், அன்றைக்குத் தெளிக்கப்பட்டவன் வீட்டுப்பிள்ளை இன்றைக்கு முக்க வந்திருக்கிறான், மிஸ் டட்லி பார்த்தால் எழுந்து நின்று கைதட்டுவாள். இதை தர்மசீலன் ஐயாவிடம் சொல்லித்தான் பார்த்தான், போனவாரம், பணிவாக, வார்த்தையைக் கழுவிக் கழுவி. ஐயா சந்தோஷப்பட்டார். "பாத்தியளா தம்பி, நம்மளுக்கே அப்படித்தான பேரு கெடைச்சிது, நாம கெட்டா போனோம்?" பிறகு குரலைத் தணித்து, இழுவை இல்லாமல், அப்போதுதான் நிஜமான தர்மசீலன் வெளியே வந்தார், "டீச்சர் மனசு சங்கடப்பட்டா அந்த ஊரு ஊழியத்தையே மூடிட்டு நீங்க திரும்பி வரவேண்டியதுதான். ஒரு பேருக்காவ எல்லாத்தையும் கெடுத்துக்கிடாதிய."

ஒரு பேருக்காக. கொலாப்பிடம் போய்ச் சொன்னபோது அவளும் அதைத்தான் கேட்டாள், வேறு மாதிரி. வியாழக்கிழமை, சந்தை ஓய்ந்த நேரம், குழம்புச்சட்டியை மணல்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் ஒரு நல்ல அம்மாள் இருந்தார், அவர் பெயரை உங்களுக்கு வைக்க ஆசைப்படுகிறார்கள் என்றான், வாயில் வெண்ணெய் ஊற்றிக்கொண்டு. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்தப் பெயரில் நான் இருந்தால், தம்பி என்னை எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்றாள். எந்தத் தம்பி என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அந்தக் கெட்ட வருஷங்களில், ஊர் ஊராக ஜனங்களை வயலுக்கு ஓட்டிப்போன காலத்தில், அவள் சின்னப்பெண், தம்பி ரித் அவளைவிடச் சின்னவன், அப்பா அம்மா ஏற்கெனவே போய்விட்டார்கள். முகாமில் பழைய பெயர்களைச் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் வேறு பெயர் போட்டார்கள், பையன்களுக்குத் தனிக் கொட்டகை, பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கொட்டகை. ஒருநாள் காலை லாரி வந்தது, ஒருவன் ஏறி நின்று பெயர்களைக் கூப்பிட்டான், பிள்ளைகள் ஏறினார்கள். கொலாப் தூரத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள், பெயர்கள் எல்லாமே காதில் விழுந்தன. "ரித் என்று கூப்பிட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன். அவனுக்கு என்ன பெயர் போட்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதே. நான் குனிந்து நட்டுக்கொண்டே இருந்தேன்." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு எத்தனை முகாம், எத்தனை ஊர், எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள். கட்டியவன் சொல்லியும் பெயரை மாற்றவில்லை, ஜோசியன் சொல்லியும் மாற்றவில்லை. உங்கள் சபைக்கு ஏன் வந்தேன் தெரியுமா என்று அவளே சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் நீங்கள் ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கடவுளிடம் சொல்கிறீர்கள், வியாதிக்காரனை, வேலை தேடுகிறவனை, எல்லோரையும், சத்தமாக. உங்கள் கடவுளுக்கு எல்லா நாட்டிலும் ஆள் இருக்கிறார்களாமே. என் பெயரையும் ரித் பெயரையும் அவரிடம் ஒன்றாகச் சொல்லிவைத்தால், எங்கேயாவது யாராவது கேட்பார்கள். பைபிள் கல்லூரியில் விசுவாசத்தைப் பற்றி மூன்று வருஷம் குறிப்பு எடுத்தவன் என்ன பதில் சொன்னான்? "பார்க்கலாம் ஓம்" என்றான். பார்க்கலாம்! மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள், டீச்சரிடம் ஐயா இன்னொரு சம்மதத்தைக் கொடுத்துவிட்டார், இரண்டு சம்மதத்துக்கும் நடுவில் சகதியில் ஒரு கம்பு நிற்கிறது, ஆகாயத்தாமரை சரியாகத்தான் கண்டுபிடித்தது. யார்மேல் கோபம் வருகிறது என்றே தெரியவில்லை, ஐயாமேல், டீச்சரின் அந்த ஒரு மூச்சின்மேல், லாரியில் ஏறி நின்று பெயர் கூப்பிட்டவன்மேல், அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், அவனும் தனக்குக் கொடுத்த பெயரைத்தானே கூப்பிட்டான்.

ஆமென், இழுத்து, நாலு குரலில். பாட்டு முடிந்துவிட்டது. "இப்போ தம்பி, இப்போ!" என்றது பெட்டி, "கேமராவப் பாத்து, பேரைத் தெளிவா, சபையார் எல்லாரும் எழும்பி நிக்காவ, டீச்சர் முன்னாடி நிக்காவ." வுத்தி அண்ணன் கைப்பேசியோடு தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி வந்தார். கொலாப் துண்டை இறுக்கிக் கட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஊசி போட நிற்கிற பிள்ளைபோலக் கண்ணை மூடினாள். மூடின இமை துடித்தது. டட்லி ஒரு கையை அவள் முதுகில் வைத்தான். எலும்பு. வாயைத் திறந்தான், எல்லோரும் வந்து முண்டினார்கள், பிரசங்கியார், குருவானவர், ஐயா, ஆளுக்கொரு அன்னப்பழத்தோடு, நான் சொல்கிறேன் நீ தள்ளு என்று. எல்லோரையும் வெளியே தள்ளினான். "நெத் கொலாப்" என்றான். அப்பன் பெயரோடு சேர்த்து, அவர்கள் வழக்கப்படி. குரல் கீச்சென்று, அசிங்கமாக, யாருடைய சாயலும் இல்லாமல் வந்தது. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், தண்ணீர் மூடியது, குமிழ்கள், தூக்கினான், அவள் வாயிலிருந்து ஏரி வழிந்தது, இருமினாள், சிரித்தாள். கரையில் நின்ற நாலைந்து பேர் கைதட்டினார்கள். பெட்டியில் கைதட்டல் இல்லை. கரகரப்பு. பிறகு, செருமல். "தம்ம்பீ. நெட்டு இழுத்துட்டு. எல்லாம் கேட்டுது, பேரு மட்டும் கேக்கல. ஒண்ணும் பிரச்சனை இல்ல, இன்னொருக்க முக்குங்க."

இன்னொருக்க முக்குங்க. டட்லி முதலில் சரியாகக் கேட்கவில்லை என்றே நினைத்தான். ஒருமுறைதான் ஐயா, ஆதிசபை தொடங்கி ஒருமுறைதான், நீங்கள்தானே சிறுவர் வகுப்பில் குச்சியை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தீர்கள், பிறப்பு ஒன்று, சாவு ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று என்று. "முக்குங்க தம்பி, பேரை மட்டும் நறுக்குனு சொல்லிட்டு. ஆட்கள் நிக்காவல்லா." காது மடல் சுட்டது. வாய்க்குள் அவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த கெட்ட வார்த்தை நுனிநாக்குக்கு வந்து உட்கார்ந்தது, நல்ல கர்மேல்விளைச் சரக்கு, ஆர்மோனியத்தின் கட்டையே உடையும், துப்பிவிடலாம், துப்பிவிட்டு விமானம் ஏறலாம். கொலாப் அவன் சட்டையை இழுத்தாள். "என்ன சொல்கிறார்கள் லோக்-க்ரூ? நான் தப்பாக முங்கினேனா?" தண்ணீர் சொட்டுகிற முகம், பயந்த முகம். இல்லை ஓம் என்றான், நீங்கள் சரியாகத்தான் முங்கினீர்கள். மீதியை எப்படிச் சொல்வது என்று நின்று யோசித்தான், பொய் சேராமல் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. "உங்கள் பெயர் அவர்களுக்குக் கேட்கவில்லையாம். என்ன பெயர் என்கிறார்கள்."

"அங்கே எவ்வளவு பேர் இருக்கிறார்கள்?" கோயில் நிறைய என்றான். அவள் அவன் கையை விட்டாள். தண்ணீரை வயிற்றால் தள்ளிக்கொண்டு வுத்தி அண்ணனிடம் போனாள், கைப்பேசியைப் பார்த்தாள், உள்ளே கடுகு கடுகாக முகங்கள், வரிசை வரிசையாக, வெள்ளைச் சட்டைகள், முக்காடுகள், எல்லோரும் எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டு. முகத்தைத் துடைத்தாள். சந்தையில் கூவுகிற பெருங்குரலெடுத்துப் பேசத் தொடங்கினாள், கரையில் பேச்சு நின்றது, வுத்தி அண்ணன் முகத்தில் அஷ்டகோணல் போய் வேறென்னவோ வந்தது. அந்தப் பக்கத்தில் ஒன்றும் புரியாத உற்சாகம், "அல்லேலூயா!" என்றார் ஒருவர், "சாட்சி சொல்லுதாவ, சாட்சி" என்று கைதட்டல் தொடங்கி அலையலையாக வந்தது, ஐயா மகிழ்ந்துபோய் "ஆமென், ஆமென், என்ன சாட்சி தம்பி, தமிழ்ல சொல்லுங்க, டீச்சர் கேக்கணும்லா" என்றார். அவள் கைதட்டலைப் பொருட்படுத்தவில்லை. பேசி முடித்துப் பதிலுக்காகக் காத்திருந்தாள். டட்லி பக்கத்தில் போய் நின்றான். எதையும் குழைக்கவில்லை, ஸ்தோத்திரம் போடவில்லை, கோபத்தோடு அப்படியே சொன்னான்: "இவங்க பேரு நெத் கொலாப். அப்பா பேரு நெத், பத்தம்பாங் பக்கத்துல வீடு, முன்னாடி புளியமரம். தம்பி பேரு ரித். சின்னப் பிள்ளையா இருக்கும்போது லாரியில ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க. இப்போ அம்பது வயசுக்கு மேல இருக்கும். கால்ல தீக்காயத் தழும்பு. நீங்க இவ்வளவு பேரு இருக்கீங்களே, யாராவது பாத்தீங்களான்னு கேக்காங்க. அன்னப்பழம்ங்கிற பேரு இவங்களுக்கு வேண்டாம். அந்தப் பேர்ல தேடினா அவன் கண்டுபிடிக்க மாட்டான்."

கைதட்டல் நடுவிலேயே அறுந்தது. நெட்டு போய்விட்டது என்றுதான் நினைத்தான், ஆனால் திரையில் முகங்கள் அசைந்துகொண்டிருந்தன, ஒருவர் உட்கார்ந்தார், ஒருவர் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தார். "தம்பி, இப்படியா சபையில", என்று ஐயா ஆரம்பித்தார், ஒலிவாங்கி எங்கோ இடிபட்டு 'கூ' என்று கத்தியது, யாரோ அதைப் பிடுங்கினார்கள். முதலில் அந்த மூச்சு. பிறகு அந்தப் பெரிய வகுப்புக்குரல், ஆனால் ஒரே ஒரு ஆளிடம் பேசுகிற மாதிரி தணிந்து:

"தம்பி, பியூலா டீச்சர். எந்தக் காலு? கேட்டுச் சொல்லுங்க."

டட்லி கொலாப் பக்கம் திரும்பினான். கோபம் இன்னும் தீரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டான். அவள் தண்ணீருக்குள் குனிந்து தன் காலையே முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்தாள், இதுவா, அதுவா என்று, சின்ன ரித்தைக் குளிப்பாட்டின கையால்.